ஹேண்டில்பாருக்கு எடுத்த தோள் அளவு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் நடந்தது இது. தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு சந்துக்குள் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஐந்தாவது வரைதான் படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. அளவு எடுக்கும்போதுகூட ஆளின் முகத்தைப் பார்க்காமல் இஞ்ச் டேப்பைப் பார்த்தே பழகிவிட்டேன்.

ஜூன் மாதம் எனக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. கடை முழுக்க யூனிபார்ம் துணிதான். எந்தத் தாய் வந்தாலும் ஒரே பேச்சு: "வளருத பிள்ளை அண்ணாச்சி, உள்ள துணி விட்டுத் தைங்க." தையலுக்கு உள்பக்கம் இரண்டு விரல் துணியை மடித்து விடுவேன். அடுத்த வருடம் தையலைப் பிரித்துவிட்டால் அதே சட்டை பிள்ளைக்குப் பற்றும்.

அந்த நெரிசலுக்குள் ஒரு டீச்சர் வந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். அவருடைய வீட்டுக்காரர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வெகுகாலமாக என்னிடம்தான் சட்டை தைப்பார். டீச்சர் கையில் துணி எதுவும் இல்லை.

"அண்ணாச்சி, ஒருநாள் வீட்டுக்கு வந்து சாருக்குத் தோள் அளவு எடுக்கணும்."

"சட்டைக்கா டீச்சர்?"

"சைக்கிளுக்கு."

எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விவரம் சொன்னார். சாரிடம் கிராவல் சைக்கிள் என்று ஒன்று இருந்தது. பந்தய சைக்கிள் போலவே இருக்கும், ஆனால் மண் ரோட்டுக்கு ஏற்ற மாதிரி டயர் பெரிதாக இருக்கும். தினமும் விடிந்ததும் உப்பளத்து வரப்புகளில் ஓட்டுவாராம்; லீவு நாளில் வடக்கே வேம்பார் ஊர் வரை போய்விட்டு வருவாராம். வயிற்றில் ஆபரேஷன் ஆகி மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தவர், இப்போது அதற்கு வேறு ஹேண்டில்பார் வாங்கிப் போடவேண்டும் என்கிறார். ஹேண்டில்பாரின் அகலத்தைத் தோள் அகலம் பார்த்துத்தான் வாங்கவேண்டுமாம்.

கடைப்படி இறங்கியவர் திரும்பி வந்தார். "டாக்டர் இனிமே பாக்கதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு அண்ணாச்சி. அவுகளுக்கு அது தெரியாது. அளவு குறைஞ்சிருந்தா பழைய அளவையே சொல்லிருங்க."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் போனேன். வீட்டு ஹாலில் சைக்கிளைத் துடைத்துச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் சார். நான் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். தோளில் நிற்கவேண்டிய தையல் கைக்கு இறங்கிக் கிடந்தது.

"வாங்க அண்ணாச்சி. சைக்கிளுக்கு அளவெடுக்க வந்த முதல் டெய்லர் நீங்கதான்" என்று சிரித்தார். "எலும்புக்கு எலும்பு பிடிக்கணும். சட்டைக்கு விடுத லூசு எல்லாம் விட்டுறாதீய."

ஹேண்டில்பார் கணக்கு சென்டிமீட்டரில். என் டேப்பில் மறுபக்கம் அது இருக்கிறது; அதை நான் தொட்டதே இல்லை. திருப்பிப் பிடித்தேன். அவர் போலீஸ் செலக்ஷனுக்குப் போன பையனைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. தோள் இரண்டும் முன்னால் தொங்கிப்போயின. இருமல் அடங்கியதும் அளந்தேன். நாற்பது. பழைய உடம்புக்கு நாற்பத்திரண்டுக்குக் குறையாது.

கட்டிலுக்குப் பின்னால் நின்ற டீச்சர் என்னையே பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, எவ்வளவு?"

"நா... நாப்பத்திரண்டு சார்."

அவர் டேப்பைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "ஏளா, பொய் சொல்லதுக்கு இவரையா கூட்டிட்டு வந்த? ஊர்ல வேற டெய்லரே கிடைக்கலையா?" என்றார்.

டீச்சர் அடுக்களைக்குள் போய்விட்டார். பாத்திரம் எதுவும் உருளவில்லை. குழாய் மட்டும் திறந்து ஓடுகிற சத்தம் கேட்டது.

"எனக்கு எல்லாம் தெரியும் அண்ணாச்சி. அவளுக்காகத்தான் தெரியாத மாதிரி கிடக்கேன். சரி, நாப்பதா?"

"நாப்பது சார்."

போனை எடுத்துப் படங்களைக் காட்டினார். எல்லாமே கிடாக் கொம்பு போல முன்னால் வளைந்து கீழே இறங்குகிற ஹேண்டில்பார்கள். ஒன்று நேராக இறங்கியது. ஒன்று கீழ்முனையில் லேசாக வெளியே சாய்ந்தது. இன்னொன்று நன்றாகவே விரிந்திருந்தது. டயர் புதைகிற மணலில் கீழே அகலமாகப் பிடித்தால் வண்டி அலையாது என்றார்.

"யூனிபார்முக்கு உள்ள துணி விடுவீயல்லா? எனக்கும் விடணும்."

"கம்பியில எப்படி சார் விடது?"

நன்றாக விரிந்திருந்ததில் விரலை வைத்தார். "மேல நாப்பது. அது இன்னைக்கு உள்ள தோளுக்கு. கீழ பாருங்க, எப்படி விரிஞ்சு போகுது! அது, ஒடம்பு தேறி வேம்பாருக்கு மிதிக்கப் போற தோளுக்கு. உள்ள துணி விட்டாச்சு, பாத்தீயளா?"

எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "ஏளா, இங்கன வா. இதையே போட்டுரு" என்று கூப்பிட்டார். முகத்தைக் கழுவிவிட்டு வந்த டீச்சர் போனை வாங்கி ஆர்டர் போட்டார்.

யார் வீட்டுக்கும் நானாகப் போகிறவன் இல்லை. ஆனாலும் ஹேண்டில்பார் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். சைக்கிள்காரர் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சார் ஏறி உட்காரும் நிலையில் இல்லை. சைக்கிளைக் கட்டிலோரம் நிறுத்தி டீச்சர் பிடித்துக்கொண்டிருந்தார். சார் படுத்தபடியே ஒரு கையை நீட்டிக் கீழ்முனையைப் பற்றியிருந்தார். கண் மூடியிருந்தது.

"சரியா இருக்கா அண்ணாச்சி?"

"கச்சிதமா இருக்கு சார்" என்றேன். அந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே சார் போய்விட்டார். அன்று காலையில் டீச்சரின் அண்ணன் வெள்ளைத் துணியோடு கடைக்கு வந்தார். சாயங்காலம் அடக்கம், புதுச் சட்டை வேண்டும். "அளவு உங்களுக்குத் தெரியும்னு தங்கச்சி சொன்னா" என்றார்.

வந்த மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து தைத்தேன். இஸ்திரி போடத் திருப்பும்போதுதான் கவனித்தேன். உள்பக்கம், தோளிலும் விலாவிலும், இரண்டு விரல் துணி விட்டுத் தைத்திருந்தேன். யூனிபார்ம் தையல் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. கைப்பழக்கம் என்றும் சொல்ல முடியாது. வெட்டிவிடலாம் என்று கத்தரியை எடுத்தேன். வெட்ட மனம் வரவில்லை. அப்படியே மடித்து அழுத்தித் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த சைக்கிள் இப்போதும் அந்த ஹாலில்தான் நிற்கிறது. ஜூன் மாதமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. "வளருத பிள்ளை அண்ணாச்சி" என்று யாராவது துணியை நீட்டும்போது, முன்பெல்லாம் சரி என்று வாங்கி வைத்துக்கொள்வேன். இப்போது அந்த இரண்டு விரல் துணியை மடிக்கிற ஒவ்வொரு முறையும், அதைப் பிரித்துவிடுகிற நாள் அந்தப் பிள்ளைக்கு வரவேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்ட பிறகே மெஷினை மிதிக்கிறேன்.