கடைசி சைக்கிள்

வீட்டில் வைத்த பேர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. காப்பகத்தில் எல்லாருக்கும் அவன் ‘கடைசி’.

சதுப்பும் காடும் சேர்ந்த அந்தக் காப்பகத்துக்குள் மோட்டார் வண்டி விடமாட்டார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைத் தட்டில் வைத்துவிட்டு, ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு சைக்கிளில்தான் போக வேண்டும். பதினான்கு கிலோமீட்டர். முதலில் காடு, அப்புறம் சதுப்புக்கு மேலே பலகைப் பாலம், அப்புறம் நாணலுக்கு நடுவே மண்கரை, சுற்றி வந்தால் அதே கேட். முன்னால் வழிகாட்டி, நடுவில் பன்னிரண்டு பேர், பின்னால் இவன். சீட்டுக்குப் பின்னால் பம்பு, ஒரு டியூப், பஞ்சர் டப்பா, கயிறு. சட்டம் ஒன்றே ஒன்றுதான்: எவரையும் முந்தக் கூடாது. ஒருத்தர் நின்றால் இவனும் நிற்க வேண்டும்.

அதனால் கேட்டில் யாரும் தலையை எண்ணுவது கிடையாது, சைக்கிளையும் எண்ணுவது கிடையாது. இவன் முகம் தெரிந்தால் போதும். “கடைசி வந்தாச்சு” என்று கேட்காரர் சங்கிலியை இழுத்துப் பூட்டுவார். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

பதினெட்டு வருஷமும் பன்னிரண்டு சைக்கிள் புழுதியைத் தின்றவன். முன்னால் போகிற கூட்டத்தின் கூச்சலுக்குப் பறவை எல்லாம் பறந்துவிடும். இவனுக்கு மிச்சம் ஆடுகிற கிளைதான். கண்ணுக்குக் கிடைக்காததைக் காதால் பிடித்தான். தூரத்தில் ஒரு கீச்சு கேட்டால் போதும், இன்ன பறவை, இணை கூட இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவான். காப்பகத்தில் வேறு எவனுக்கும் அது வராது.

ஆகவே வழிகாட்டி ஓய்வு பெற்றுப் போனதும், முன்னால் போகிற வேலை தனக்குத்தான் என்று நினைத்தான். ஒரு தடவையாவது கிளையில் உட்கார்ந்திருக்கிற பறவையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. போட்டிக்கு வந்தது ஒரே ஆள், பெண்டாட்டியின் தம்பி. சும்மா சுற்றிக்கொண்டிருந்தவனை ரேஞ்சர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சைக்கிள் எடுத்துக் கொடுக்கிற இடத்தில் சேர்த்துவிட்டவனே இவன்தான். வளர்த்த கடா.

ரேஞ்சர் சொன்னார்: “வெள்ளிக்கிழமை நாலு மணி. பறவைச் சத்தம் போட்டுக் காட்டுவேன். யார் அதிகம் சொல்றானோ அவன்தான்.”

மச்சினனுக்குக் காகத்துக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் தெரியாது. “மாமா, உங்களோட மோத நான் யாரு?” என்று சிரித்தான்.

வெள்ளிக்கிழமை மதியச் சுற்றுக்கு மச்சினன்தான் தற்காலிகமாக முன்னால் போனான். கூட்டத்தில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு குண்டு ஆள். அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டான்.

“முட்டி பிடிச்சுக்கிச்சு. நீங்க போங்க அண்ணே, நான் மெதுவா வர்றேன்.”

“அப்படிப் போக முடியாதுங்க. நிதானமா வாங்க.”

மூன்று மணி. மூன்றரை. பலகைப் பாலத்தில் குண்டன் உட்கார்ந்தே விட்டான். இவன் நின்றான். ஒரு மிதி மிதித்தால் இருபது நிமிஷத்தில் ஆபீஸ். மிதிக்கவில்லை. குண்டனின் சைக்கிளையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

கேட்டுக்கு வரும்போது நாலே முக்கால். கேட்டைத் தாண்டியதும் குண்டன் சைக்கிளைப் பிடுங்கி ஏறி, சீட்டில் உட்காராமல் நின்றபடியே மிதித்துக் கேண்டீனைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்தான். கேண்டீனே கைதட்டியது. மச்சினனின் கூட்டாளியாம்.

“முட்டி சரியாப் போச்சு மாமா! உங்க கைராசி!” என்றான் மச்சினன். அவன் தலையில் வழிகாட்டியின் பச்சைத் தொப்பி ஏறியிருந்தது.

இவன் ரேஞ்சரிடம் ஓடினான். “ஐயா, கடைசி ஆளை விட்டுட்டு வரக்கூடாதுங்களே.”

“அதான்யா,” என்றார் ரேஞ்சர், பேப்பரிலிருந்து தலை தூக்காமல். “அதனாலதான் நீ பின்னாலயே இருக்கே.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இவன் வீட்டிலேயே விருந்து. மச்சினன் கூடத்தில் நொண்டி நொண்டி நடந்து காட்டினான். “நீங்க போங்க அண்ணே...” பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். பத்து வயது மகள் எழுந்து மாமன் பின்னாலேயே நொண்டியபோதுதான் சோறு இறங்கவில்லை.

“என் தம்பி ஜெயிச்சதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றாள் அவள். “விளையாட்டை விளையாட்டா எடுத்துக்கத் தெரியாதா?”

அப்புறம் அது தினசரி ஆட்டமாகிப் போனது. “மாமா, இன்னிக்கு முட்டிவலி யாருன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்!” என்று கூட்டத்துக்கு முன்னாலேயே கத்துவான். கேட்காரர்கூட இவனைப் பார்த்தால் முட்டியைத் தடவினார்.

மூன்று மாதம் கழித்து ஒரு தையல் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் ஐம்பது வயசு அம்மா ஒருத்தி, ஒல்லி, பூட்ஸ் காலுக்குப் பெரிசு. காட்டிலேயே பின்தங்கினாள். பலகைப் பாலத்தின் தலைமாட்டில் இறங்கி முட்டியைப் பிடித்தாள்.

“மூச்சு வாங்குது தம்பி. நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்.”

அதே இடம். அதே முட்டி. அதே பேச்சு. முன்னால் மச்சினன் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். சூடு கண்ட பூனை அடுப்பைப் பார்த்தாலே ஓடும்.

“எவ்வளவு குடுத்தான்?” என்று கேட்டான்.

“யாருப்பா?”

“நல்லாத்தான் நடிக்கிறீங்க.”

அவள் புரியாமல் சிரித்தாள். உதடு வெளிறியிருந்தது. அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் மிதித்தான்.

பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தரை முந்தினான். கூட்டம் அதற்குள் கரையில் தூரம் போய்விட்டிருந்தது. முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. ஒரு நாணல் தட்டையில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. பறக்கவில்லை. அதன் முதுகு நீலத்தை இவ்வளவு கிட்டத்தில் அவன் கண்டதே இல்லை. நின்று ஆசை தீரப் பார்த்தான். பாலத்துப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. இந்தக் காட்டில் எந்தச் சத்தத்தையும் விடாதவன், அதற்கு மட்டும் திரும்பவில்லை.

“கடைசி வந்தாச்சு” என்று கேட்காரர் சங்கிலியை இழுத்தார்.

கேண்டீனில் டீ வாங்கிக் கேட்டைப் பார்த்து உட்கார்ந்தான். பூட்டின கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கத்தட்டும். இன்றைக்கு நான் கைதட்டுகிறேன். டீ ஆறியது. கத்தல் கேட்கவில்லை. வேறு வழியாக நழுவிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். தையல்காரர்கள் பஸ் ஏறினார்கள். அவள் பின் சீட்டில் படுத்திருப்பாள் என்று முன்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள், முன்னால் இருப்பாள் என்று பின்னால் இருந்தவர்கள்.

பூட்ஸ் கழுவுகிற பெண்தான் கூப்பிட்டாள். “இது யாரோட செருப்பு?”

தட்டில் ஒரு ஜோடி. ஒன்றின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. காசுக்கு நடிக்க வந்தவள் செருப்பை விட்டுப் போவாளா?

மச்சினன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. “மாமா... இது நான் அனுப்புன ஆள் இல்ல மாமா.”

இவன் கேட்டைத் திறந்துகொண்டு சைக்கிளில் பாய்ந்தான். மச்சினனும் ரேஞ்சரும் பின்னால் வந்தார்கள். அன்றைக்குத்தான் அவன் முன்னால் போனான். கரை முழுக்கப் பறவைகள் அவனைக் கண்டு எழும்பிப் பறந்தன.

பாலத்தில் சைக்கிள் நின்றது. ஒழுங்காக ஸ்டாண்டு போட்டிருந்தாள். முகம் கழுவக் குனிந்திருக்க வேண்டும். ஒரு பூட்ஸ் சேற்றுத் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான்.

கயிறு போட்டுத் தூக்கினார்கள். ஆபீஸிலிருந்து ஆட்கள் கொண்டு வந்த ஸ்ட்ரெச்சர் முன்னால் போயிற்று, ரேஞ்சர் போனார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மச்சினன் போனான். இவன் அவளுடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் வந்தான்.

கேட்காரர் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இவன் முகத்தைப் பார்த்தார். பூட்டவில்லை. இவனுக்குப் பின்னால் இருந்த கரையை எட்டிப் பார்த்தார்.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டார்.

பதினெட்டு வருஷத்தில் அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.