2099 வரைக்கும் செல்லும் பாஸ்போர்ட்

கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே என் மானம் கப்பலேறிவிட்டது. போன மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில், செல்வராணி டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்!

விஷயம் இதுதான். அக்டோபரில் மத்தியதரைக் கடலில் ஒரு கப்பல் போகிறது. கம்ப்யூட்டர் கிறுக்கர்களுக்காகவே போகிற கப்பல். கடலில் இருக்கும் நாளெல்லாம் புரோகிராமிங் வகுப்பு, கரை தொடும் நாளெல்லாம் ஊர் சுற்றல். விடுவோமா? ராஜபாளையத்தில் நூற்பாலை மெஷின்களைக் கட்டி மேய்க்கும் என் சிநேகிதன் வெங்கட்ராஜாவும் நானும் ஒரு கேபின். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் செல்வராணி டீச்சரும் அவர் கணவரும் இன்னொரு கேபின்.

திட்டமிடும் பொறுப்பு யாருக்கு? வேறு யாருக்கு... எனக்குத்தான்.

பெரிய ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று போட்டேன். எந்த ஊரில் எந்த பிளக், கப்பலில் எங்கே வைஃபை கிடைக்கும் — சகலமும் அதில் உண்டு. பாலில் செய்தது எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக முடியாதாம். அதனால் பால்கோவாவுக்கு நேரே, ‘விமானத்திலேயே தீர்த்துவிடவும்’ என்று எழுதிவைத்தேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

அதிலும் என் பெருமையெல்லாம் பாஸ்போர்ட் ஃபார்முலாதான். ஊர் திரும்பிய பிறகும் மூன்று மாதத்துக்குப் பாஸ்போர்ட் செல்ல வேண்டும். செல்லுமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. வெங்கட்ராஜா பெயர்தான் முதலில் சிவந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோர் முன்னாலும் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

“ஏலே, வெளிநாடு போறவன் இப்படியா இருப்பான்?”

பாவம், போய்ப் புதுப்பித்துக்கொண்டு வந்தான்.

விசா நேர்காணலுக்கு மூன்று வாரம் இருந்தபோது டீச்சர் எங்களைக் கூப்பிட்டார். “எல்லாரும் பாஸ்போர்ட்டோட வாங்க. எனக்கு ஷீட்டு வேண்டாம், பொஸ்தகத்தைக் கண்ணால பாக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லாம் பச்சையாக இருக்கும்போது எதைப் பார்ப்பது?

டீச்சர் ஷீட்டை அச்செடுத்து வைத்திருந்தார். பென்சிலால் ஒவ்வொரு பெயராக டிக் அடித்துக்கொண்டே வந்தவர், என் பெயரில் நின்றார்.

“அண்ணாச்சி... எங்களுக்கெல்லாம் பத்து வருசம். ஒங்களுக்கு மட்டும் கவர்மென்டு 2099 வரைக்கும் குடுத்திருக்காவளா?”

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபார்முலா போட்ட அன்றைக்கு, வேலை செய்கிறதா என்று பார்க்க என் பெயருக்கு நேரே ஒரு பொய்த் தேதியைப் போட்டிருந்தேன். பச்சை வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே விட்டுவிட்டேன். மேஜைமேல் கிடந்த நிஜமான பாஸ்போர்ட்டைத் திறந்தால்... நவம்பரில் முடிகிறது!

வெங்கட்ராஜா என் பக்கம் திரும்பினான். எத்தனை நாள் காத்திருந்தானோ!

“ஏலே, வெளிநாடு போறவன் இப்படியா இருப்பான்?”

டீச்சரின் கணவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது.

சிரித்து முடித்ததும் வெங்கட்ராஜாவே என் அப்ளிகேஷனைத் தட்கலில் போட்டான். மதுரை பாஸ்போர்ட் ஆபீசுக்கும் அவனே கூட வந்தான். “நீ வரலன்னா அந்தக் கேபின்ல நான் மட்டும் என்னத்தச் செய்ய?” என்றான். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது எனக்கு. அவனை அத்தனை பேர் முன்னால் பேசியிருக்க வேண்டாம். வண்டியிலேயே மன்னிப்புக் கேட்டேன். “பொறவு பாத்துக்கலாம், கையெழுத்துப் போட்டியா?” என்றான்.

நேர்காணலுக்கு நான்கு நாள் இருக்கும்போது தபால்காரர் மணியடித்தார். புதுப் பாஸ்போர்ட்! கவரைப் பிரித்த கையோடு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவரே தேதியைப் படித்து, அவரே ஷீட்டில் ஏற்றினார். கையோடு, அதில் நான் எதையும் திருத்த முடியாதபடி பூட்டும் போட்டுவிட்டார். இனி எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதியாம். இருக்கட்டும். சென்னைக்குப் போய் நேர்காணலை முடித்தோம். இப்போது நான்கு பேருக்கும் விசா கையில்.

ஊரையெல்லாம் சோதிக்கிறவன் முதலில் தன் பெயரைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று — அந்த ஃபார்முலாவில் தப்பே இல்லை. அதை மட்டும் மூன்று பேரும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்!