பாறை ஓணானுக்குப் பெண் கொண்டுபோன கதை

மே மாதத்து ஞாயிறு, காலை ஆறே முக்காலுக்குப் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினேன். கையில் ஒரு பிஸ்கட் டின், மூடியில் ஆணியடித்த ஓட்டைகள். உள்ளே மணப்பெண்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கறவர் நீங்க ஒருத்தர்தான்" என்று வாழ்த்தி வழியனுப்பியவள் என் மனைவி. இது வேலி ஓணான் இல்லை, பாறை ஓணான் என்று திருத்தினேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

எங்கள் ஊர்க் கல்குவாரியில் இவை ஏராளம். தட்டை உடம்பு, சின்ன வெடிப்பில்கூடப் புகுந்துவிடும். கோடையில் ஆணுக்கு முதுகு செக்கச்செவேலென்று சிவந்து, விலாவும் காலும் கறுக்கும். பெண் என்றும் பாறை நிறம்தான். நான் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவன், ஆகவே பெண் பார்த்ததும் நானே. ஈர்க்குச்சி முனையில் சுருக்குப் போட்டுப் பிடித்தேன்.

மாப்பிள்ளை இருப்பது திருவொற்றியூர்க் கடற்கரையில். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் எங்கள் குவாரியிலிருந்து லாரியில் போனது. கல்லோடு கல்லாக ஓர் ஓணானும் போயிருக்கிறது. கண்டுபிடித்தவர் ஆரோக்கியம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், எங்கள் பக்கத்து வீட்டம்மாவின் தம்பி. "ஒத்தையா கீது வாத்யாரே. செவக்கவே மாட்டேங்குது. ஏக்கம் போல" என்றார் போன வாரம். துணை இல்லாமல் நிறம் ஏறாது என்று நானும் பெரிய மனிதனாகத் தலையாட்டினேன்.

எட்டு மணிக்குக் கடற்கரை நிலையத்தில் இறங்கி பஸ் பிடித்தேன்.

"இன்னா நைனா டின்னுல?" என்றார் கண்டக்டர்.

"கல்யாணப் பொண்ணு."

ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார். "பொண்ணு மூஞ்சியே சரியில்லியே!" என்று எனக்கு மட்டும் இருபது பைசா டிக்கெட் கிழித்தார். ராயபுரத்தின் மீன் வாடையும் தண்டையார்பேட்டையின் எண்ணெய் வாடையும் மாறி மாறி ஏறி இறங்கின.

திருவொற்றியூரில் காத்திருந்த ஆரோக்கியத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது. காலடிப்பேட்டை மளிகைக் கடைக்காரரின் மகள் ஜெயமேரியை அவருக்குப் பேசியிருக்கிறார்கள். பெண்ணைப் பிடித்துவிட்டது. ஆனால் தாயில்லாத ஒரே மகள், அப்பாவைத் தனியே விட்டு வரமாட்டாள். இவர்தான் அங்கே குடியேற வேண்டும். அன்று மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"கிரேன் மேல ஏறுனா கீழேருந்து 'வூட்டோட மாப்ள'ன்னு கத்துறானுங்க. பேஜாரா கீது வாத்யாரே. வேணாம்னே சொல்லிடலாம்னு கீறேன்."

எனக்கு வருத்தமாக இருந்தது. டின்னை அணைத்துக்கொண்டு கற்களை நோக்கி நடந்தேன்.

அலை தெறிக்காத உயரத்தில், ஒரு கல்லின் உச்சியில் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது அவருடைய ஓணான். பக்கத்துக் கல்லில் டின்னைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் தள்ளி உட்கார்ந்தோம். நெடுநேரம் கழித்து என் மணப்பெண் வெளியே வந்தாள். வெயில் காய்ந்தாள். எதிர்க் கல்லைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தினாள். பிறகு, வெற்றிலை போட்ட வாய்போல முதுகு சிவக்கத் தொடங்கியது. விலா கறுத்தது. முன்னங்காலை ஊன்றி எழுந்து எழுந்து தலையாட்டல் வேறு!

"பொண்ணு இன்னா வாத்யாரே இப்டி செவக்குது?"

என் விஞ்ஞானம் கடலில் விழுந்தது. பயந்துபோன ஆண் நிறம் மங்கிப் பெண்போலாகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், இளம் ஆணைப் பெண்ணென்று சுமந்து வந்திருக்கிறேன்.

"அப்போ அது?" என்று உச்சிக் கல்லைக் காட்டினார்.

"ஏக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுதான் பொண்ணு."

சிவந்தவன் தாவி அவள் கல்லிலேயே ஏறினான். அவள் ஓடவில்லை, வாலை மட்டும் மெல்ல வளைத்தாள். ஆரோக்கியம் என் தோளில் ஓங்கி அடித்தார்.

"பொண்ணு வூட்டுக்கு மாப்ள வந்துகீறான்! ஊரு வுட்டு ஊரு வந்தும் இன்னா டவுலத்தா நிக்கிறான் பாரேன்!"

சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. பிறகு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும் இன்னாத்துக்கு? இப்பவே போய் சொல்லிடறேன், வரேன்னு" என்று உச்சி வெயிலில் காலடிப்பேட்டைப் பக்கம் நடந்தார். எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும் ரயிலில் காலி டின்னை மடியில் வைத்திருந்தேன். எங்கள் குவாரியில் அவனைப் போல நூறு பேர் இருப்பார்கள். கடலைப் பார்த்துச் சிவந்தவன் அவன் ஒருவன்தான்.

கதவைத் திறந்த மனைவி கேட்டாள்: "என்ன, பொண்ணைக் கொண்டுபோய் விட்டாச்சா?"

"பொண்ணு எங்கே இருந்தது? ரெண்டு மாப்பிள்ளையை விட்டுட்டு வரேன்."