பிஸ்கட் டப்பாவில் நிலுவைச் சொற்கள்

மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மொழியை உண்டாக்கினோம். வடக்கே மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டாருக்குத் தமிழும் தெரியும், இந்தியும் தெரியும். ரகசியம் பேச வேறு வழியில்லை.

பெயர்ச்சொற்களை அவள்தான் மூன்றாகப் பிரித்தாள். வீட்டிலேயே இருப்பவை 'லு' என்று முடியும். வெளியே போய்த் திரும்புபவை 'மி'. போனால் திரும்பாதவை 'ஷா'. என் குடையை 'ஷா'வில் சேர்த்தாள். வாதாடிப் பார்த்தேன். அந்த வருடம் மூன்று குடைகளைத் தொலைத்திருந்ததால் எடுபடவில்லை.

நான் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவன். புத்தி அப்படித்தான் போகும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சீட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அது நோட்டில் ஏறும் என்று விதி செய்தேன். "பொண்ணுக்குத் தமிழ்ல ஒரு பக்கம் படிக்க வரலை, இதுல புது பாஷை வேற" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னது நியாயம்தான்.

பதின்மூன்று வயதில் மகள் நிறுத்திவிட்டாள். மெட்ரோவில் அவளுடைய தோழிகள் முன்னால் அந்த மொழியில் ஏதோ கேட்டுவிட்டேன். "அப்பா, ப்ளீஸ். ஹிந்தியிலயே கேளுங்க" என்றாள். கோபம் வந்தது. கோபம் என்ன, வலித்தது. உலகத்தில் அந்த மொழி தெரிந்தவர்களே இரண்டு பேர்தான். இருந்தும் வீம்புக்குச் சீட்டுகள் எழுதி, என் கையெழுத்தை மட்டும் போட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவந்தேன். ஐந்து வருடத்தில் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டன. சந்தடி சாக்கில் குடையை 'மி'க்கு மாற்றியும் ஒரு சீட்டு எழுதினேன்.

போன மாதம் அவள் படிப்புக்காகப் புனே விடுதிக்குப் போனாள். ரயிலேற்றிவிட்டு வந்து டப்பாவைத் திறந்தேன். எல்லாச் சீட்டிலும் அவள் கையெழுத்து. குடைச் சீட்டில் மட்டும் 'மி'யை அடித்து, சிவப்பு மையில் 'ஷா' என்று திருத்திவிட்டுப் போட்டிருந்தாள். சிரித்துவிட்டேன்.

அடியில் நான் எழுதாத சீட்டு ஒன்று இருந்தது. 'லு' என்று முடியும் ஒரு புதுச் சொல். பொருளைத் தமிழிலேயே எழுத்துக்கூட்டி எழுதியிருந்தாள்: சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு எதிர் நாற்காலி. அவள் எப்போதும் உட்காரும் நாற்காலி. கீழே அவள் கையெழுத்து. பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தாள்.

நான் இன்னும் போடவில்லை. போட்டுவிட்டால் டப்பாவில் பாக்கி எதுவும் இருக்காது.