‘சீரியஸ்’ என்று மூன்று முறை அடித்த கை

தபாலாபீஸ் வாசலில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பவனுக்கு, தமிழில் வருகிற கஷ்டத்தை இங்கிலீசில் அனுப்பி வைப்பதுதான் தொழில். அருப்புக்கோட்டையில் அறுபதுகளின் பாதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் அதைத்தான் செய்தேன். நாலு வார்த்தை இங்கிலீசு தெரிந்த பாவத்துக்கு ஊராரின் மனுவெல்லாம் எழுதிக் கொடுத்து அவதிப்பட்ட அன்பர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். ஒன்றுபோல இருக்கிற இரண்டு வார்த்தைகளில் எதைப் போடுவது என்பதுதான் அந்தப் பாடு. என்னிடம் அகராதி இருந்தது. வாடிக்கைக்காரர்களிடம் அதைவிடத் தெளிவு இருந்தது.

கேட்பதா, இறைஞ்சுவதா

கூட்டுறவுச் சங்கத்தில் தறிக்கு நூல் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று மனுக் கொடுக்க ஒரு நெசவாளர் வந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். இங்கிலீசு தெரியாது, ஆனால் நான் அடிக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்பார். பழக்கதோஷத்தில் ‘ஐ ஹம்பிளி பெக்’ என்று ஆரம்பித்திருந்தேன். ‘பெக்’ என்றால் இறைஞ்சிக் கேட்பது, ‘ரிக்வெஸ்ட்’ என்றால் மரியாதையாகக் கேட்பது என்று விளக்கினேன். மனுஷர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

“தறி நம்மளது, நெய்யிற கை நம்மளது. நூலு கேக்குறதுக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுக் குனியணும்? தாளை மாத்துங்க.”

பஞ்சத்துக்கு யார் பேர் வைப்பது

திருச்சுழிப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம் ஐந்தாறு விவசாயிகள் சேர்ந்து வந்தார்கள். கம்பும் பருத்தியும் கருகி, ஊருணி வெடித்துக் கிடக்கிறதென்று அவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். ஊருக்குக் கிணறு வெட்டித் தரக் கேட்டு, ‘ஃபேமின்’ என்று பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். நாலாம் நாள் மனு திரும்பி வந்தது. ‘ஃபேமின்’, அதாவது பஞ்சம், என்பதைச் சர்க்கார்தான் அறிவிக்க வேண்டுமாம். மனுப் போடுகிறவன் ‘ஸ்கேர்சிட்டி’, அதாவது பற்றாக்குறை, என்றுதான் எழுதலாமாம். வெட்கத்தோடு மாற்றி அடித்தேன். அவர்களில் வயசில் மூத்தவருக்குக் கோபமே வரவில்லை.

“பேரை அவுக இஷ்டத்துக்கு வச்சுக்கிடட்டும். கெணறு வெட்டணுங்கிற வரியை மட்டும் யாரும் தொடாமப் பாத்துக்கோங்க.”

பேச்சியம்மாளின் தந்திகள்

பரளச்சி கிராமத்துப் பேச்சியம்மாளின் மகன் கருப்பையா பட்டாளத்தில், வடக்கே ஏதோ மலையில் இருந்தான். பட்டாளத்தில் லீவு வேண்டுமென்றால் ஊரிலிருந்து தந்தி போக வேண்டும். அதில் தாய்க்கோ தகப்பனுக்கோ உயிர் ஊசலாட வேண்டும். எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். மகள் வள்ளியின் கல்யாணத்துக்கு அவனை வரவழைக்க என்னிடம் வந்தாள். ‘சிக்’ என்றால் காய்ச்சல், படுக்கை. ‘சீரியஸ்’ என்றால் பிழைப்பது சந்தேகம் என்றேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பெரியதையே போடச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு ஒன்று, குலசாமிப் பொங்கலுக்கு ஒன்று, வள்ளி பிள்ளையின் காதுகுத்துக்கு ஒன்று என்று ஐந்து வருஷத்தில் மூன்று தந்தி போனது. மூன்று தடவையும் பேச்சியம்மாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் மகனுக்காக நின்றாள். கடைசியாக வந்தபோது கருப்பையா என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“சீரியஸுன்னு தந்தி வந்தாலே எனக்கு நிம்மதிண்ணே, ஆத்தா நல்லா இருக்குன்னு தெரிஞ்சுக்கிருவேன். ஆனா எங்க ஆபீசரு இனிமே நம்ப மாட்டாரு.”

நாலாவது தந்தி

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் வள்ளி ஓடி வந்தாள். பருத்திக் காட்டில் மயங்கி விழுந்த ஆத்தாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள், டாக்டர் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று அழுதாள். ‘சீரியஸ்’ அடிக்கப் போன விரல் நின்றுவிட்டது. அந்த வார்த்தையை மூன்று முறை பொய்யாக்கி வைத்தவன் நான்தான். இப்போது அதை அனுப்பினால் மகன் விருந்து என்று நினைப்பான். ஆபீசர் குப்பையில் போடுவார்.

“செத்துப்போச்சுன்னே அடிங்கண்ணே, அப்பவாச்சும் விடுவாக” என்றாள் வள்ளி. உயிரோடு கிடக்கிறவளுக்கு அதை அடிக்க எனக்குப் பயமாக இருந்தது. கருப்பையா சிரித்துச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘மதர் சிக்’ என்று மட்டும் அடித்தேன். காய்ச்சலுக்கு யார் லீவு கொடுப்பார்கள் என்று வள்ளி என்னைச் சபிக்காத குறையாகப் போனாள்.

ஆறாம் நாள் கருப்பையா வந்துவிட்டான். அந்தச் சின்ன வார்த்தையைப் பார்த்ததும் ஆபீசர் முன்னாலேயே உடைந்து அழுதுவிட்டானாம். மூன்று ‘சீரியஸு’க்கும் கண் கலங்காதவன் அழுவதைப் பார்த்து, அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாராம். அவன் வந்த மறுநாள் பேச்சியம்மாள் கஞ்சி குடித்தாள். ஒரு மாசம் கழித்து, பாதி உடம்பாகி, வள்ளியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அதெல்லாம் இல்லை.

“ஏஞ்சாமி, இம்புட்டுச் சின்ன வார்த்தையே எம்மவனைக் கொண்டாந்து சேக்குமுன்னா, மூணு தடவ எதுக்கு என்னயச் சாகக் கெடத்துன?”

போடச் சொன்னவள் அவள்தான் என்றாலும் அடித்த கை என்னுடையது என்பதால், அதற்குப் பிறகு காய்ச்சலைக் காய்ச்சல் என்றே அடித்தேன்; கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் போன பட்டாளத்துக்காரர்களின் சாபமெல்லாம் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது.