ஏஜென்டுக்கு நான் எழுதிய நாற்பது பக்கம்

எனக்கு இங்கிலீஷ் நன்றாக எழுத வரும் என்று ஒரு நினைப்பு உண்டு. நாவலப்பிட்டியில் பதினைந்து வருடம் டியூஷன் வகுப்பு நடத்தியதில் ஏறிய நினைப்பு. அந்த நினைப்போடுதான் கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஐந்து பேர்.

தேயிலைத் தோட்டங்களுக்காக நாங்கள் ஒரு கருவி செய்திருந்தோம். தோட்ட அலுவலகக் கணினியில் தினமும் பதிகிற மழை அளவு, கொழுந்தின் நிறை போன்றவற்றை, கேட்ட திகதிகளுக்கு மட்டும் எடுத்துக் கோப்பாக்கி அனுப்பும். அதுவரை கிளார்க்மார்தான் அதை இயக்கினார்கள். இனி ஏஜென்ட் இயக்கும் என்றார் மேலாளர். ஏஜென்ட் என்பது ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவு. "போன வார மழையை அனுப்பு" என்று சொன்னால் போதும். கையேட்டைத் தானே வாசித்து, கருவியைத் தானே இயக்கி, வேலையை முடித்துவிடும். அந்தக் கையேட்டைத்தான் நான் எழுத வேண்டும்.

மேலாளர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். "அண்ணை, இது ஆக்கள் வாசிக்கிறதுக்கில்லை. சுருக்கமா, நேரா எழுதுங்கோ," என்றார்.

தலையாட்டிவிட்டு நாற்பது பக்கம் எழுதினேன்.

முன்னுரை எழுதினேன். மலைநாட்டு மழையின் சிறப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். "திகதி குறிப்பிடப்படாத இடத்தில் சந்தர்ப்பத்துக்கேற்ப முடிவெடுத்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்டின் அறிவை மதித்து எழுதினேன். "ஒவ்வொரு கோப்பும் முடிந்ததும் உரியவருக்கு மரியாதையுடன் அறிவிப்பது நன்று, அவர் பதில் எழுதினால் பதில் எழுதுவது பண்பு" என்றும் சேர்த்தேன். அந்த வரியை எழுதி முடித்ததும் எழுந்துபோய் எனக்கு நானே ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டேன்.

மேலாளருக்கு வேலை நெருக்கடி. நாற்பது பக்கத்தையும் வாசிக்க நேரமில்லை. என்னை நம்பி, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பரீட்சித்துப் பார்க்க விட்டுவிட்டார்.

மறுநாள் காலை அவருடைய தொலைபேசி அடித்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். வைத்துவிட்டு, "அண்ணை, நீங்களே ஒருக்கா போய்ட்டு வாங்கோ," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பஸ்ஸில் இருந்தபடி மன்னிப்பை மூன்று விதமாகத் தயாரித்தேன். மூன்றும் நீளம்.

தோட்ட அலுவலகத்தில் கிளார்க் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார், உக்காருங்க. அந்த மரியாதைக்காரர் நீங்கதானா?" என்று கேட்டார்.

நடந்ததை அவரே சொன்னார். தோட்டத்து நிர்வாகியான பெரிய துரை போன வார மழையைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். இவர் அவசரத்தில் "மழைக் கணக்கு அனுப்பவும்" என்று மட்டும் தட்டியிருக்கிறார். திகதி இல்லை. ஏஜென்ட் சந்தர்ப்பத்துக்கேற்ப முடிவெடுத்தது. கணினியில் இருந்த அத்தனை வருட மழையையும், நாளுக்கொரு கோப்பாக எடுத்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு மின்னஞ்சல், வணக்கத்துடன்.

"முதல்ல வந்த அஞ்சாறுக்கு நானும் நன்றின்னு போட்டேன் சார். அதுக்கும் பதில் வந்துச்சு. மனுசங்க யாரோன்னு நெனச்சிட்டேன். அப்புறம் பாத்தா ஆயிரக்கணக்குல கெடக்கு. வேண்டாதத அழிக்கவே மத்தியானம் ஆயிருச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரையை என் பக்கம் திருப்பினார்.

"அத விடுங்க. இத பாருங்க. இங்க இருக்கிற இந்த வாரம் பூரா கொட்டித் தள்ளுச்சு. மண்ணு சரிஞ்சு பாதை அடைச்சதால மழமானி கிட்ட யாரும் போக முடியல. அதான் அளவு போடாம விட்டேன். உங்க ஆளு சைபர்னு போட்டிருக்கு. நாங்க லயத்து வீட்ட விட்டு ஸ்கூல்ல போய் படுத்த வாரம் சார் அது. மழையே இல்லையாம்."

அதுவும் என் வேலைதான். "வெற்றிடங்களைப் பூச்சியமாகக் கொள்ளலாம்" என்று முப்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தேன். வரிசை பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமே இல்லை. தயாரித்து வைத்திருந்த மூன்று மன்னிப்பையும் விட்டுவிட்டேன். "தப்பு என்னோடதுதான்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். தான் லீவில் போகும்போது தன் வேலையைப் பார்ப்பவருக்காக எழுதி வைத்தது. பால்பாயின்ட் பேனாவில் நாலே வரி:

தொடங்குற திகதி, முடியுற திகதி ரெண்டும் வேணும்.
திகதி சொல்லாட்டி கேக்கணும். நீங்களா போடக் கூடாது.
மழை பெய்யாத நாளுக்கு 0. அளக்காத நாள காலியா விடணும்.
எல்லாத்தையும் ஒரே கோப்பா, ஒரு தடவ அனுப்பணும்.

இரண்டு முறை வாசித்தேன். நான் நாற்பது பக்கத்தில் சொல்லாதது எல்லாம் அதில் இருந்தது. "இத நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

"போட்டோ புடிச்சிக்கங்க. தாள கிழிச்சிறாதீங்க."

கண்டிக்குத் திரும்பி அந்த நாலு வரியையும் இங்கிலீஷில் போட்டேன். சுற்றிலும் தேவையானதை மட்டும் சேர்த்ததில் ஒன்றரைப் பக்கம் வந்தது. மலைநாட்டு மழைப் பத்தியை வெட்டும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. அதை வேறொரு கோப்பில் பத்திரப்படுத்திக்கொண்டேன், யாருக்காக என்று தெரியாமலே. பிறகு நானே பரீட்சித்தேன். வேண்டுமென்றே திகதி இல்லாமல் மழையைக் கேட்டேன். ஏஜென்ட் ஒன்றும் செய்யாமல், "எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை?" என்று திருப்பிக் கேட்டது. வகுப்பில் இத்தனை வருடம் பாடம் சொல்லி, ஒரு பிள்ளையையும் என்னால் அப்படிக் கேள்வி கேட்க வைக்க முடிந்ததில்லை.

மேலாளர் இந்த முறை முழுதாக வாசித்தார். "இப்பதான் விளங்குது அண்ணை. இதை முதலே எழுதியிருக்கலாமே?" என்றார். யார் எழுதியது என்று சொன்னேன். இனிமேல் எந்தக் கையேடானாலும் அந்தக் கிளார்க்கும் பார்த்த பிறகுதான் வெளியே போகும் என்று அன்றே முடிவாகியது.

போன மாதம் அடுத்த கருவிக்கான கையேட்டை அவருக்கு அனுப்பினேன். மூன்றே பக்கம்தான், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றிக் கோடு போட்டு, ஓரத்தில் "இது எதுக்கு சார்?" என்று கேட்டிருந்தார்.

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.