பிடியும் அலகும்

உரும்பிராயில் நான் வந்த பஸ் பழுதாகி நிற்கிறது. வீதியோரக் கம்மாலையில், குருநகரிலிருந்து வந்த பெண்ணொருத்தி, கத்தி வடிவில் தானே வெட்டிய பிஸ்கட் பெட்டி அட்டையை நீட்டுகிறாள். அவள் கணவனுக்கு வழமையாகக் கத்தி அடித்துக் கொடுக்கும் கொல்லர் அதைப் பிடித்துப் பார்க்கிறார்.

"பிடி சின்னனாக் கிடக்கு. உங்கடை மனுசன்ரை கைக்குக் காணாது, தங்கச்சி."

"வாதம் வந்து அவருக்கு வலக்கை வழங்காமல் போட்டுது, அண்ணை. இனிச் சந்தையிலை நான்தான் மீன் வெட்டப்போறன்."

அவர் அட்டையை இரும்புத் தகட்டில் வைத்து வெண்கட்டியால் வரைகிறார். அவளுக்குப் பாரமாக இருக்குமென்று அலகின் நீளத்தில் இரண்டு விரற்கடை குறைத்துக் கோடிடுகிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அவள் குனிந்து அந்தக் கோட்டை உள்ளங்கையால் அழிக்கிறாள்.

"பிடியை மட்டும் என்ரை கைக்குச் செய்யுங்கோ, அண்ணை. மீன் சின்னனாகேல்லை."